மேசைமேல் ஈட்டிப் போட்டி: எட்டுக் குதிரை வீரர்களை வைத்து ஒரு பிற்பகலில் நடத்தும் முறை

இரண்டு குட்டிக் குதிரை வீரர்கள், நடுவில் ஒரு தடுப்பு, கையில் நீண்ட ஈட்டி. இடைக்கால ஐரோப்பாவின் ‘ஜௌஸ்ட்’ போட்டியை மேசைமேல் நடத்த இவ்வளவு போதும் என்று தோன்றும். ஆனால் பொம்மையை நகர்த்திப் பகடையை உருட்டினால் மட்டும் பத்து நிமிடத்தில் எல்லாருக்கும் அலுத்துவிடும். பெரிய எண் விழுந்தவர் ஜெயித்தார் என்றால் ஆடுபவருக்கு அங்கே என்ன வேலை? குதிரை கிளம்புவதற்கு முன் இருவரும் மறைத்து வைக்கும் முடிவில்தான் ஆட்டமே இருக்கிறது. அந்த முடிவுக்கு எடை கொடுத்து, மற்ற எல்லாவற்றையும் சுருக்கமாக முடிக்க வேண்டும். கீழே உள்ள அளவுகளும் விதிகளும் நேரக் கணக்கும் அதற்காகவே. எட்டுப் பேர், ஒரு களம், ஏறத்தாழ இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

களம்

28 மி.மீ. பொம்மைகளுக்கு (நிற்கும் ஆளின் உயரம் 28 மி.மீ.) 90 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலமுள்ள பலகை போதும். நடுவில் 60 செ.மீ. நீளத்துக்குத் தடுப்பு. இரு முனையிலும் 15 செ.மீ. காலியாக இருக்கட்டும்; குதிரைகள் நிற்கவும் திரும்பவும் அந்த இடம் வேண்டும். தடுப்பின் இருபுறமும் 6 செ.மீ. அகலத்தில் ஓடுபாதை. தடுப்பின் உயரம் 25 மி.மீ.க்கு மேல் போகவேண்டாம். போனால் ஈட்டி அதன்மேல் இடிக்கும், பார்ப்பவர்களுக்கும் எதிர்ப்பக்கக் குதிரை தெரியாது.

முதல்முறை களம் அமைப்பவர்கள் பெரும்பாலும் பிசகுவது திசையில்தான். வீரரின் இடக்கைப் பக்கம் தடுப்பு இருக்க வேண்டும். அவர் ஈட்டியை வலக்கையில் பிடிக்கிறார். அது குதிரையின் கழுத்துக்கு மேலே குறுக்காகச் சென்று, இடப்பக்கத்தில் எதிரே வருபவரை நோக்கி நீள்கிறது. கேடயமும் இடத்தோளில்தான். தடுப்பை வலப்பக்கம் வைத்துவிட்டால் இரு ஈட்டிகளும் வெளியே பார்த்து நிற்கும், ஆட்டமே பொய்யாகத் தெரியும். பொம்மை வாங்கும்போதும் இதைக் கவனியுங்கள். ஈட்டியைச் செங்குத்தாகத் தூக்கிப் பிடித்த அணிவகுப்பு வீரர்கள்தான் கடைகளில் அதிகம். கை தனியாக ஒட்டக்கூடிய பொம்மையாக இருந்தால் மட்டும் வாங்கி, ஈட்டிமுனை குதிரையின் இடக்காதைத் தாண்டிப் போகும்படி ஒட்டுங்கள்.

பலகைக்கு 5 மி.மீ. பிவிசி ஃபோம் போர்டுதான் எங்கள் தேர்வு. 3 மி.மீ. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) மலிவு, ஆனால் சிங்கப்பூர்க் காற்றின் ஈரத்தில் ஒரு பக்கம் மட்டும் சாயம் பூசிய எம்டிஎஃப் சில வாரங்களில் வளைந்துவிடும். அதுதான் கைவசம் இருக்கிறது என்றால் இரண்டு பக்கமும், ஓரங்களிலும் பூசிவிடுங்கள்; சுவரில் சாய்த்து வைக்காமல் படுக்கவைத்துச் சேமியுங்கள். ஃபோம் போர்டு, பசை, சாயம் எல்லாவற்றையும் பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் உள்ள ஓவியப் பொருள் கடைகளில் ஒரே நடையில் வாங்கிவிடலாம்.

சாயத்துக்கு முந்திய அடிப்பூச்சான ஸ்ப்ரே பிரைமர் அடிக்கும் நேரமும் முக்கியம். இங்கே விடியலுக்குச் சற்றுமுன் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழை இல்லாத நாளில் பிற்பகல் நடுவே 60 விழுக்காடு அளவுக்கு இறங்கும். காலையில் எழுந்தவுடன் அடித்தால் பூச்சு வெளுத்து, மாவு படிந்ததுபோல் ஆகிவிடும். பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு மெல்லிய இரண்டு பூச்சாக அடியுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் பொது நடைபாதையில் ஸ்ப்ரே வேண்டாம். அண்டை வீட்டுக்கு வாடை போகும், துணி காயப்போட்டிருந்தால் சாயமும் போகும். தூரிகையால் பூசும் அக்ரிலிக் பிரைமர் இருக்கும்போது அந்த வம்பே தேவையில்லை.

வீரரும் ஈட்டியும்

28 மி.மீ. குதிரை வீரருக்கு 25 × 50 மி.மீ. அடித்தளம். அதன் அடியில் இரண்டு எஃகு வாஷர்களை ஒட்டுங்கள். எடை இல்லாத பிளாஸ்டிக் குதிரை சட்டை நுனி பட்டாலே சாயும். சின்னப் பிள்ளைகள் ஆடும் போட்டி என்றால் 54 மி.மீ. பொம்மைக்குப் போய்விடுங்கள், மேலே சொன்ன எல்லா அளவுகளையும் இரட்டிப்பாக்கினால் சரியாக வரும். 1:72 அளவுப் பொம்மை மலிவு, ஆனால் இரண்டடி தள்ளி நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது.

ஈட்டிக்குப் பல்குச்சியைவிட நல்ல பொருள் இல்லை. உண்மையான ஈட்டி மூன்று மீட்டருக்கு மேல் இருக்கும், 28 மி.மீ. அளவுக்குச் சுருக்கினால் ஏறத்தாழ 60 மி.மீ. வரும். பல்குச்சி 65 மி.மீ. ஒரு நுனியை வெட்டினால் முடிந்தது. சாத்தே குச்சி தடிமன் அதிகம், பொம்மையின் கைக்குப் பொருந்தாது. முனையில் வெள்ளைப் பசையை ஒரு சொட்டு வைத்து, காய்ந்தபின் இன்னொரு சொட்டு வையுங்கள். விளையாட்டுப் போட்டிகளில் கூர்முனைக்குப் பதிலாகச் சிறு கிரீடம் போன்ற மொட்டை முனையைத்தான் மாட்டினார்கள். அந்தத் தோற்றமும் கிடைக்கும், குழந்தைகளின் கண்ணுக்கும் பாதுகாப்பு.

ஒவ்வொரு வீரருக்கும் முழு ஈட்டி இரண்டு, பாதியில் முறித்த ஈட்டி ஒன்று தயாராக இருக்கட்டும். முறிவு விழுந்ததும் முழு ஈட்டியை எடுத்துவிட்டு முறிந்ததைப் பொருத்துங்கள். கூட்டம் ஆரவாரிப்பது அதற்குத்தான். கையில் பிடித்துவைக்கக் கடுகளவு புளூ டேக் (ஒட்டி எடுக்கக்கூடிய மென்பசை) போதும். சிலர் 3 மி.மீ. காந்தம் பதிக்கிறார்கள். அழகாக இருக்கும், ஆனால் குழந்தைகள் வரும் இடத்தில் கூடாது. ஒன்றுக்கு மேற்பட்ட காந்தங்களை விழுங்கினால் அவை குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துக் குடலையே கிழித்துவிடும்.

கேடயத்தில் சின்னம் வரைய ஒரு பழைய விதி உதவும்: மஞ்சளும் வெள்ளையும் உலோகங்கள், சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா ஆகியவை நிறங்கள். உலோகத்தின்மேல் உலோகம் கூடாது, நிறத்தின்மேல் நிறமும் கூடாது. தூரத்தில் நின்று யார் எவர் என்று கண்டுபிடிக்கப் பிறந்த விதி இது. மேசைக்கும் அப்படியே பொருந்தும். சிவப்பில் மஞ்சள் புலி, நீலத்தில் வெள்ளைக் கயல், பச்சையில் மஞ்சள் வில் என்று மூவேந்தர் சின்னங்களை வரைந்தால் அறையின் மறுகோடியிலிருந்தும் தெரியும். சிவப்பில் கறுப்புப் புலி வரைந்தால் வெறும் கறைதான்.

அட்டைகளும் விதிகளும்

இருவரும் எதிரெதிரே ஒருமுறை பாய்வது ஓர் ஓட்டம்; ஒவ்வோர் ஆட்டமும் மூன்று ஓட்டம். ஆடுபவர் ஒவ்வொருவர் கையிலும் ஆறு அட்டைகள்: குறி மூன்று, இருக்கை மூன்று. ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஒரு குறியையும் ஓர் இருக்கையையும் கவிழ்த்து வைக்க வேண்டும்.

குறி அட்டைகள் கேடயம், மார்பு, தலைக்கவசம். இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை கேடயத்துக்கு 6, மார்புக்கு 7, தலைக்கவசத்துக்கு 9 அல்லது அதற்குமேல் வந்தால் ஈட்டி பட்டது. தேவையான எண்ணைவிட 2 அல்லது அதற்குமேல் கூடுதலாக வந்தால் ஈட்டி முறிந்தது. கேடயத்தில் பட்டால் 1 புள்ளி, முறிந்தால் 2. மார்பில் பட்டால் 1, முறிந்தால் 3. தலைக்கவசத்தில் பட்டால் 3, முறிந்தால் 5.

இருக்கை அட்டைகளுக்கு ஒரு சிறு விளக்கம் தேவை. அக்காலப் போட்டிகளில் தவளை வாய் போன்ற தலைக்கவசம் இருந்தது. பார்வைக்கான கீறல் மேல்பக்கம் இருக்கும். குதிரையில் முன்னால் குனிந்தால்தான் எதிரே வருபவர் தெரிவார். மோதலுக்கு ஒரு நொடி முன் தலையை நிமிர்த்தினால் கீறல் மறைந்து கண் தப்பும், ஆனால் அந்த நொடியில் வீரர் குருடர். பிரான்ஸ் மன்னர் இரண்டாம் ஹென்றி 1559இல் இப்படி ஒரு போட்டியில்தான், முறிந்த ஈட்டியின் சிம்பு முகமூடிக்குள் புகுந்து காயப்பட்டு, பத்து நாள் கழித்து இறந்தார். இதை அப்படியே விதியாக்கலாம்.

முன்சாய்வு: நன்றாகத் தெரிகிறது, உங்கள் பகடைக்கு +1. காப்பு எதுவும் இல்லை.

தலைநிமிர்வு: உங்கள் பகடைக்கு −1, எதிராளி தலைக்கவசத்தைக் குறிவைத்திருந்தால் அவருக்கு −3.

கேடயம் தூக்கல்: உங்கள் பகடையில் மாற்றமில்லை; எதிராளி மார்பைக் குறிவைத்திருந்தால் அவருக்கு −2, கேடயத்தைக் குறிவைத்திருந்தால் அவருக்கு +1.

இதோடு ஒரே ஒரு தடை: ஒரே இருக்கையை அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் பயன்படுத்தக் கூடாது. போன ஓட்டத்து இருக்கை அட்டை முகம் மேலாக மேசையிலேயே கிடக்கும். இந்தப் போட்டியின் உயிர் இந்த ஒரு வரி. முதல் ஓட்டத்தில் நீங்கள் தலைநிமிர்வை வைத்தீர்கள் என்றால், இரண்டாவதில் உங்கள் தலைக்குக் காப்பில்லை என்று எதிராளிக்கும் தெரியும், பார்ப்பவர்களுக்கும் தெரியும். அவர் தலைக்கவசத்துக்குப் போவாரா, அல்லது நீங்கள் அதை எதிர்பார்த்து முன்சாய்வில் பாய்வீர்கள் என்று கணித்து மார்பில் நிதானமாகப் புள்ளி எடுப்பாரா? மேசையைச் சுற்றி நிற்பவர்கள் இதைத்தான் கிசுகிசுப்பார்கள். தடையை எடுத்துவிட்டால் எல்லாரும் மூன்று ஓட்டமும் முன்சாய்வு வைத்து முடித்துவிடுவார்கள்.

இரண்டு ஆறு விழுந்தால், குறி எதுவானாலும் எதிராளி குதிரையிலிருந்து கவிழ்ந்தார். ஆட்டம் அத்துடன் முடிந்தது. மூன்று ஓட்டங்களில் இருவருமாக ஆறுமுறை உருட்டுவதால், ஏறத்தாழ ஆறு ஆட்டத்துக்கு ஒன்றில் இது நடக்கும். இதைவிட அடிக்கடி நடந்தால் அட்டைக்கு மதிப்பில்லை, இதைவிடக் குறைந்தால் யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். இரண்டு ஒன்று விழுந்தால் ஈட்டி தடுப்பில் இடித்தது. 1 புள்ளி கழியும். இங்கிலாந்தில் வூஸ்டர் பிரபு ஜான் டிப்டாஃப்ட் 1466இல் எழுதிய போட்டி விதிகள் கடுமையானவை: தடுப்பை மூன்றுமுறை இடித்தவருக்கும், குதிரையை அடித்தவருக்கும் பரிசே கிடையாது. மேசையில் அவ்வளவு தூரம் போக வேண்டாம். அங்கே தவறு வீரருடையது, இங்கே பகடையுடையது.

எண்களை ஏன் இப்படி வைத்திருக்கிறோம் என்றால், இரண்டு பகடைகள் விழக்கூடிய 36 வகைகளில் கேடயத்துக்கு 26 வகை படும், அவற்றில் 15 முறியும். மார்புக்கு 21 படும், 10 முறியும். கவிழ்ப்பையும் தவறையும் விட்டுவிட்டுச் சராசரி பார்த்தால் இரண்டுக்கும் ஒரே மதிப்பு, 36 ஓட்டத்துக்கு 41 புள்ளி. தலைக்கவசத்துக்கு 10 படும், 3 முறியும். 36 ஓட்டத்துக்கு 36 புள்ளி. ஆக, தலைக்கவசம் பின்தங்கியவரின் சூதாட்டம். முன்னணியில் இருப்பவர் அதைத் தொட வேண்டியதில்லை. நீங்கள் எண்களை மாற்ற விரும்பினால் இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பாருங்கள். தலைக்கவசத்தை 8 ஆக்கினாலே மற்ற இரண்டு குறிகளையும் யாரும் எடுக்க மாட்டார்கள்.

ஓர் ஓட்டம் எப்படிப் போகும் என்று பாருங்கள். சிவப்பு வீரர் வைத்தது தலைக்கவசமும் முன்சாய்வும். நீல வீரர் வைத்தது மார்பும் கேடயம் தூக்கலும். சிவப்புக்கு விழுந்தது 5, 4. கூட்டினால் 9, முன்சாய்வுக்கு +1, ஆக 10. நீலத்தின் கேடயம் தலையைக் காக்காது. 9 தேவை, 10 வந்தது, பட்டது; முறிவுக்கு 11 வேண்டும், வரவில்லை. 3 புள்ளி. நீலத்துக்கு 6, 3. கூட்டினால் 9, மாற்றம் ஏதுமில்லை. மார்புக்கு 7 போதும், 2 கூடுதல், ஈட்டி முறிந்தது. 3 புள்ளி. சமம், ஆனால் முறித்த ஈட்டி நீலத்தின் கணக்கில்.

கூட்டும் வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் பகடை, பிறகு தன் இருக்கை, கடைசியாக எதிராளியின் இருக்கை. இதை நடுவர் ஒவ்வொரு தடவையும் உரக்கச் சொன்னால் இரண்டாவது ஆட்டத்திலேயே எட்டு வயதுப் பிள்ளையும் தானாகக் கணக்குப் போடும்.

ஓட்டத்தை நடத்துவது

கட்டியக்காரர் ஒருவர் வேண்டும். நடுவரே கட்டியமும் கூறினால் இரண்டும் கெடும். ‘தெம்பனிஸ் புலி, ஈசூன் கயலைச் சந்திக்கிறது!’ என்று பேட்டைப் பெயரோடு கூவினால் சும்மா வேடிக்கை பார்க்க வந்தவரும் ஒரு பக்கம் சேர்ந்துவிடுவார். பிறகு அவர் பத்திலிருந்து ஒன்றுவரை மெதுவாக எண்ணுகிறார். அதற்குள் அட்டை கவிழ்ந்திருக்க வேண்டும். வைக்காதவருக்குக் கேடயக் குறியும், போன ஓட்டத்தில் வைக்காத இருக்கைகளில் நடுவர் எடுத்துக்கொடுக்கும் ஒன்றும். இதில் இரக்கம் காட்டினால் நேரம் கரைந்துவிடும்.

எண்ணி முடிந்ததும் ‘ஓட்டு!’ என்பார். அட்டைகள் திறக்கும். இருவரும் தங்கள் குதிரையை 30 செ.மீ. ரூலரால் அடித்தளத்தைத் தள்ளி நகர்த்த வேண்டும்; பொம்மையைக் கையால் பிடித்தால் ஈட்டிதான் முதலில் கையோடு வரும். ஈட்டிமுனைகள் இரண்டுக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி இருக்கும்போது நிறுத்துங்கள். அங்கேதான் பகடை. குதிரைகள் கடந்துபோன பிறகு உருட்டினால் பாதி சுவை போய்விடும், ஈட்டிகளும் சிக்கிக்கொள்ளும். இருவரும் ஒரே நேரத்தில் உருட்ட வேண்டும். ஒருவர் கவிழ்ந்தாலும் அவருடைய அடியும் கணக்கில் சேரும். இருவருமே கவிழ்ந்தால் அந்த ஓட்டத்தை மீண்டும் ஓடுங்கள்.

பகடையை கேக் பெட்டி மூடிக்குள் உருட்டச் சொல்லுங்கள். மூடிக்கு வெளியே விழுந்தாலும், ஓரத்தில் சாய்ந்து நின்றாலும் மறுபடி உருட்ட வேண்டும். இதை முதல் ஆட்டத்துக்கு முன்பே அறிவித்துவிடுங்கள். சாய்ந்த பகடையைப் பற்றி அரையிறுதியில் விதி சொன்னால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

பட்டியல், நேரம், இடம்

நேரடி நாக் அவுட் வேண்டாம். வீட்டிலிருந்து எம்ஆர்டி ரயில் பிடித்து வந்தவர்களில் பாதிப்பேர் ஆறு நிமிடத்தில் வெளியேறிவிடுவார்கள். எட்டுப் பேரை நான்கு பேர் கொண்ட இரு பிரிவாக்குங்கள். பிரிவுக்குள் எல்லாரும் எல்லாருடனும் மோதினால் பிரிவுக்கு 6 ஆட்டம், மொத்தம் 12. ஒரே பிரிவை ஒரே மூச்சில் ஓட்டினால் யாராவது அடுத்தடுத்து ஆட வேண்டிவரும். ஆகவே முதல் பிரிவில் ஒன்று, இரண்டாம் பிரிவில் ஒன்று என்று மாற்றி மாற்றி அழையுங்கள். வென்றவருக்கு 3, சமமானால் ஆளுக்கு 1. பிரிவில் சமநிலை வந்தால் முறித்த ஈட்டிகளின் எண்ணிக்கை, அதுவும் ஒன்றானால் நேருக்கு நேர் முடிவு. பிறகு இரண்டு அரையிறுதி, மூன்றாம் இடத்துக்கு ஒன்று, இறுதி ஒன்று. இந்தச் சுற்றுகளில் சமமானால் நான்காவது ஓட்டம், முடிவு வரும்வரை.

மொத்தம் 16 ஆட்டம். ஓர் ஓட்டம் ஒன்றேகால் நிமிடம், மூன்று ஓட்டமும் ஈட்டி மாற்றுவதும் சேர்த்து ஆட்டத்துக்கு 6 நிமிடம். 96 நிமிடம், நடுவில் தேநீருக்குக் கால் மணி. ஆறு பேர்தான் வந்தார்கள் என்றால் பிரிவே வேண்டாம், எல்லாரும் எல்லாருடனும் 15 ஆட்டம். பதினாறு பேர் என்றால் இரண்டு களம், இரண்டு நடுவர். ஒரே களத்தில் முயல வேண்டாம்.

சமூக மன்றத்தில் ஓர் அறை எடுத்துவிட்டால் வேலை சுலபம். பள்ளி விடுமுறைக் காலத்தில், முக்கியமாக ஜூனில், முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். அடுக்குமாடிக் கீழ்த்தளத்தில் நடத்துவதென்றால் நகர மன்றத்தின் அனுமதி வேண்டும். அங்கே காற்று அடிக்கும் என்பதால் அட்டைகளைச் சற்றுத் தடித்ததாக வெட்டுங்கள், சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாள் பறக்காது. களத்தை மேசையின் நீளவாட்டில் வைத்து, ஆடுபவர்களை இரு முனையில் நிறுத்துங்கள். நீண்ட பக்கங்கள் பார்ப்பவர்களுக்கு. ஆடுபவர்கள் நீண்ட பக்கத்தில் உட்கார்ந்தால் அவர்கள் முதுகைத்தான் கூட்டம் பார்க்கும்.

புள்ளித்தாளை முன்பே வரைந்து வையுங்கள்: ஒரு வீரருக்கு ஒரு கட்டம், அதில் ஓட்டத்துக்கு ஒன்றாக மூன்று கோடு. பட்டால் கோட்டின்மேல் ஒரு கீறல், முறிந்தால் குறுக்குக் கீறல், பக்கத்தில் புள்ளி. முறிந்த ஈட்டிகளைப் பிறகு எண்ண இதுதான் ஆதாரம், நினைவை நம்பாதீர்கள்.

பெற்றோர் பின்னால் நின்று அட்டையைச் சுட்டிக்காட்டுவதும் உண்டு. ‘அங்கிள், அவரே ஆடட்டும்’ என்று நடுவர் முதல்முறையிலேயே மரியாதையாகச் சொல்லிவிட வேண்டும். எதிரில் இருக்கும் பிள்ளை தனியாக முடிவெடுக்கிறது.

முடிந்ததும் ஈட்டிகளைக் கழற்றித் தனி டப்பாவில் போடுங்கள். ஈட்டியோடு பெட்டிக்குள் போன வீரர் அடுத்தமுறை கையில்லாமல்தான் வெளியே வருவார். புளூ டேக்கை அன்றே சுரண்டி எடுத்துவிடுங்கள், வாரக்கணக்கில் விட்டால் சாயத்தோடு உரிந்து வரும். மூடி இறுக்கமான பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, களத்தை அதன்மேல் படுக்கவைத்து மூடுங்கள்.